கொழும்பு ஆட்டத்துக்கு 182,000 ரூபா குறைகிறது

அன்புள்ள ஊர் மக்களே, புலம்பெயர் உறவுகளே,

வரும் ஞாயிறு எப்.ஏ. கிண்ண உதைபந்தாட்டத்தின் அடுத்த சுற்றில் எங்கள் பெடியள் கொழும்பில் விளையாட வேண்டும். இது விலகல் முறைச் சுற்றுப்போட்டி, தோற்ற அணி அத்தோடு வெளியே. லீக் போல அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. நேரத்துக்கு மைதானத்தில் நிற்காவிட்டால் இந்தப் பருவம் எங்களுக்கு அத்தோடு சரி. பஸ்காரருக்குப் புதன் மாலைக்குள் காசு கட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். பஸ் போய்வர 160,000 ரூபா, இரண்டு இரவு தங்க 64,000, 28 பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு 84,000, மருந்து, பிளாஸ்டர், ஐஸ் 12,000. மொத்தம் 320,000. கையில் இருப்பது 138,000.

இந்தக் கழகத்தைப் பெரியவர்கள் எப்படிக் காத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது வாசிகசாலை அலுமாரியில் இருந்த கிண்ணங்களை எடுக்க நேரமிருக்கவில்லை. காற்றுப்போன பந்து ஒன்று மட்டும் உரப்பைக்குள் உடுப்புகளோடு கொடிகாமம் வந்து சேர்ந்தது. தங்கியிருந்த பள்ளிக்கூட முற்றத்தில் சைக்கிள் பம்பால் காற்றடித்து விளையாடினார்கள். அன்று அதன் பின்னால் ஓடிய சிறுவர்களில் ஒருவர்தான் இன்றைய பயிற்றுவிப்பாளர்.

ஓய்வுபெற்ற அதிபர் ஐயா கூட்டத்தில் 1872ஐ நினைவூட்டினார். இங்கிலாந்தின் முதலாவது எப்.ஏ. கிண்ண அரையிறுதிக்குக் கிளாஸ்கோவின் குயீன்ஸ் பார்க் கழகம் லண்டன் வந்து, வொண்டரர்ஸோடு 0-0 என்று சமநிலையில் முடித்தது. மறு ஆட்டத்துக்குக் காசில்லாமல் விலகிக்கொண்டது. கிண்ணம் வொண்டரர்ஸுக்குப் போனது. தோற்காமலே வீட்டுக்குப் போகும் அந்த நிலை எங்கள் பிள்ளைகளுக்கும் வரலாமா?

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஜேர்சி தந்த ரொறன்ரோ உறவுகள், பந்துகள் அனுப்பிய பாரிஸ் தம்பிமார், பயிற்சி முடிந்ததும் பிளேன்ரீயும் வடையும் தந்து காசு வாங்க மறுக்கும் சந்திக்கடை அண்ணை, பென்சன் எடுத்த அன்றே 5,000 ரூபாவை மடித்துக் கொண்டுவந்த ரீச்சர் அம்மா. உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

தேர்த்திருவிழாவுக்கு அள்ளிக்கொடுக்கும் ஊர் இது. அந்தத் தேரின் வடம் பிடிப்பதும் இதே பெடியள்தான். சில வீட்டுப் படலைகளை இரண்டு தரம் தட்டியும் ஒருவரும் வரவில்லை. வென்று வந்தால் சந்தியில் வெடி கொளுத்த எல்லாரும் வருவோம். வழிச்செலவுக்கும் வர வேண்டாமா?

வெள்ளி இரவு வைரவருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு பஸ் புறப்படும். பொருளாளர் புதன் மாலை 6 மணி வரை வாசிகசாலையில் இருப்பார். 500 ரூபா என்றாலும் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் கொடுக்கலாம்.

நிர்வாக சபையினர்