சராசரி எண்ணுக்குள் தெரியாதவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வட்டாரம் முன்னேறிவிட்டதா என்று கேட்டால், உடனே தனிநபர் வருமானத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வருமானம் மட்டும் போதாது என்பதால்தான் 1990-இல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக் முன்னின்று மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் அதில் உண்டு. ஆனால் அதுவும் சராசரிதான். ஏற்றத்தாழ்வு இருக்கும் அளவுக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டும் குறியீடு 2010-இல்தான் வந்தது.

சரி, மனிதர்களுக்கு இடையிலான உறவை எதில் அளப்பது? கஷ்டம் என்று வந்தால் நம்பி உதவி கேட்க யாராவது இருக்கிறார்களா என்ற கேள்விக்கான பதிலை உலக மகிழ்ச்சி அறிக்கை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கலாம். நள்ளிரவில் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆள் இல்லாத முதியவருக்கு அது இருந்தும் இல்லாததுதான். இரவு வேலை முடிந்து ஒரு பெண் பயமின்றி வீடு திரும்ப முடிகிறதா என்பதையும் கேட்டாக வேண்டும்.

நாட்டுக்கு ஒரே எண் என்றால் இதெல்லாம் தெரியவே தெரியாது. வட்டார அளவில் கேட்டு, பால், வயது, வருமானம் வாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும். என்ன கேட்பது என்று முடிவு செய்யும்போதே அந்தந்தப் பகுதி மக்களையும் உடன் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்