கீழ்வீட்டுக் கிழவரும் ஹைன்கெஸும்

மொன்சென்கிளாட்பாக்,
ஜேர்மனி.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஐந்து கிழமையாகிவிட்டது. தொலைபேசியில் பேசும்போது வீடு முழுவதும் சுற்றி நின்று கேட்பதால் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. அதனால்தான் கையால் எழுதி அனுப்பினீர்கள் என்பது விளங்கியும் பதில் எழுதாமல் இருந்தது என் பிழை. முழங்கால் இனி ஓட்டத்துக்கு உதவாது என்று வைத்தியர் சொன்னதையும், சின்னப் பிள்ளைகளைப் பழக்கித் தரும்படி உதைபந்தாட்டக் கழகத்தார் உங்களைக் கேட்பதையும், விளையாடத் தெரிந்தவனுக்கெல்லாம் கற்றுக்கொடுக்கத் தெரியுமா என்று நீங்கள் தயங்குவதையும் பல தடவை வாசித்தேன். இந்த விடயத்தில் வாய் திறக்க எனக்குத் தகுதி இல்லை. கீழ்வீட்டுக் கிழவருக்கு இருக்கிறது.

அவரைப் பற்றி அம்மாவுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். மஞ்சள் குப்பைப் பையில் நான் தவறுதலாக முட்டைக்கோதைப் போட்டதற்காக, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிவரை ஏறிவந்து பாடம் நடத்தியவர் அவர்தான். இந்த நகரம் நெசவாலைகளால் பேர்பெற்றிருந்த காலத்தில் ஆலையொன்றில் தறி ஓட்டியவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் உருளைக்கிழங்கைத் துருவி, வட்டம் வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, ஆப்பிள் கூழோடு எனக்குத் தருவார். அவர் பார்க்காத நேரத்தில் நான் சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்துத் தூவிக்கொள்வேன். சாப்பிட்டு முடியும்வரை அவர் பேசுவது ஒரே ஒருவரைப் பற்றித்தான்: உதைபந்தாட்ட வீரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் இருந்த யூப் ஹைன்கெஸ்.

ஹைன்கெஸ் இந்த ஊர்ப் பிள்ளை. 1945ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி, ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த மறுநாள் பிறந்தவர். ஒரு கொல்லரின் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. அவர் முதலில் கற்ற தொழில் சுவருக்குச் சாந்து பூசுவது. அதைக் கேட்டதும் என் அண்ணாவும் மேசன்தான் என்று சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து கிழவர் உங்களைப் பற்றி விசாரிக்காத வெள்ளிக்கிழமை இல்லை. ஜேர்மனியின் முதல்தர லீக்கான புண்டஸ்லீகாவில் 369 ஆட்டங்களில் 220 கோல்கள், இந்த ஊர்க் கழகமான கிளாட்பாக்கோடு 4 தடவை சம்பியன், 1974இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் ஓர் இடம் என்று பெருமை பேச நிறைய இருந்தாலும், கிழவர் எப்போதும் 1978 ஏப்ரல் 29இலிருந்துதான் தொடங்குவார். அது பருவத்தின் கடைசி நாள். கொலோனும் கிளாட்பாக்கும் புள்ளிகளில் சமம். கோல் வித்தியாசத்தில் கொலோன் 10 முன்னே நின்றது. டுசல்டோர்ப் மைதானத்தில் டோட்முண்டுக்கு எதிராகக் கிளாட்பாக் அன்று 12 கோல்கள் அடித்தது, டோட்முண்ட் ஒன்றும் அடிக்கவில்லை. ஹைன்கெஸ் மட்டும் 5. ஆனால் ஹம்புர்க்கில் கொலோன் 5 கோல்களால் வென்றதால், வெறும் 3 கோல் வித்தியாசத்தில் சம்பியன் பட்டம் அங்கே போய்விட்டது. ஹைன்கெஸ் ஆடிய கடைசி லீக் ஆட்டமும் அதுவே. கிழவர் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு கோலுக்கும் தட்டிலிருந்து ஒரு பொரியல் வட்டத்தை எடுத்து மேசைவிரிப்பில் வைப்பார். ஒன்பதாவது கோலோடு தட்டு வெறுமையாகிவிடும், மிச்சத்துக்கு உப்புச்சாடியும் முள்ளுக்கரண்டிகளும் வரும். முதல் நாள் நான் அதைப் புளுகு என்றே நினைத்தேன்.

அடுத்த வருடமே, 34 வயதில், அதே கழகம் அவரைப் பயிற்றுவிப்பாளராக்கியது. அண்ணா, இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள். எட்டு வருடங்கள் அவர் இங்கே பயிற்றுவித்தார். வென்ற கிண்ணம் ஒன்றுகூட இல்லை. 1980இல் ஐரோப்பிய அளவிலான யூஇஎப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் பிராங்பேர்ட்டிடம் தோல்வி. 1984இல் ஜேர்மன் கிண்ண இறுதியாட்டத்தில் பயேர்ன் மூனிக்கிடம் பெனல்டியில் தோல்வி. கோபம் வந்தால் முகம் சிவந்துவிடும் என்பதற்காக, மின்குமிழ் செய்யும் நிறுவனத்தின் பெயரால் ‘ஒஸ்ராம்’ என்று அவருக்குப் பட்டம் வேறு வைத்தார்கள். பிறகு பயேர்னுக்குப் போய் 1989இலும் 1990இலும் சம்பியனாக்கினார். 1991இல் அவர்களே வெளியேற்றினார்கள். அந்த முடிவைத் தன் பெரிய தவறு என்று பயேர்ன் மேலாளராக இருந்த ஊலி ஹொனெஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு பிராங்பேர்ட்டில் பயிற்றுவித்தபோது யெபோவா, ஒக்கோச்சா ஆகிய வீரர்களோடு முட்டிக்கொண்டார். அதில் கிழவர் ஹைன்கெஸ் பக்கம். ஒக்கோச்சாவின் படத்தைச் சமையலறைக் கதவில் ஒட்டி அப்பாவிடம் அடி வாங்கியவரின் தம்பி நான், எப்படி அந்தப் பக்கம் நிற்பது? ரியல் மாட்ரிட்டுக்கு 32 வருடங்களுக்குப் பிறகு, 1998இல், ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்தும் வேலை போயிற்று. நன்றிகெட்டவர்கள் என்பது கிழவரின் தீர்ப்பு. அந்த வருடம் ஸ்பானிய லீக்கில் அவர்கள் நான்காவதாக வந்தார்கள் என்பதை நான் வாயெடுத்துச் சொல்வதில்லை, மறுவாரம் பொரியல் கிடைக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை கிழவர் சாப்பிடவில்லை. அன்றுதான் 2006ஐப் பற்றிச் சொன்னார். ஹைன்கெஸ் ஊருக்குத் திரும்பி மறுபடியும் கிளாட்பாக்கைப் பொறுப்பேற்றார்; அணி தோற்றுக்கொண்டே போயிற்று; மிரட்டல்கள்கூட வந்தன; 2007 ஜனவரியில் விலகிவிட்டார். அரங்கில் கூச்சல் போட்டவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லிவிட்டு, கிழவர் எழுந்து போய்க் கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினார். 2013 மே மாதம் பயேர்ன் பயிற்றுவிப்பாளராக, அந்தப் பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்துக்கு ஹைன்கெஸ் இந்த ஊருக்கே வந்தபோது கிழவரும் அரங்கில் இருந்தார். 3–1 என்று பின்தங்கிய பயேர்ன் 4–3 என்று வென்றது. ஆட்டத்துக்குப் பின் செய்தியாளர்களின் முன்னால் ஹைன்கெஸ் அழுதுவிட்டார். ஒரு கிழமை கழித்து லண்டனில் டோட்முண்டை வென்று ஐரோப்பியக் கிண்ணம், அதற்கடுத்த கிழமை ஜேர்மன் கிண்ணம். லீக் பட்டத்தோடு சேர்த்து ஒரே பருவத்தில் மூன்றையும் வென்ற முதல் ஜேர்மன் ஆண்கள் அணி அது. அவருக்கு அப்போது 68 வயது. பிறகு 2017இல், 72 வயதில், ஹொனெஸ் கேட்டுக்கொண்டதற்காகத் திரும்பிப் போய் இன்னொரு தடவை சம்பியனாக்கினார். தன் நாய் இரண்டு தடவை குரைத்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதாகச் சொன்னாராம்.

உங்கள் தயக்கத்தைக் கிழவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். “அவருக்கும் முதல் எட்டு வருடம் தெரியவில்லை” என்றார். பிறகு, பிள்ளைகள் எத்தனை பேர், மைதானத்தில் புல் உண்டா என்று கேட்டார். புல் இல்லை, மணல்தான், ஒரு பக்கம் கடல் என்றேன். பந்து கடலுக்குள் போனால் யார் எடுப்பது என்று கேட்டார். கடைசியாக அடித்தவன்தான் எடுக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவன், ஜேர்மன் சொல் வராததுபோல நடித்து நிறுத்திக்கொண்டேன். பின்னேரம் ஆறு மணிக்கு அம்மா மதிலுக்கு மேலால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், நீங்கள் ஈரச் சாரத்தோடு பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பதும், கருவாட்டு மணமும் அந்தக் குசினிக்குள் வந்துவிட்டன. இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது அண்ணா.

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். வேலைத்தலத்தில் இரவுநேர வேலையைக் குறைத்துவிட்டார்கள்; நல்ல ஓய்வு கிடைக்கிறது. அறையைச் சூடாக்கும் கருவியை நான் அதிகம் போடுவதில்லை, குளிர்ந்த அறையில் படுப்பது உடம்புக்கு நல்லதென்று இங்கே சொல்வார்கள்.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சென்ற ஓகஸ்ட்டில் கெவெலார் மாதா கோவிலுக்கு நம் தமிழர்கள் யாத்திரை போனபோது அதற்காக மெழுகுதிரி கொளுத்தினேன். மாதா தன் பங்கைச் செய்வார், என் பங்கு அடுத்த மாத நடுப்பகுதியில் வரும், முழுவதும் ஒரே தடவையில் வராவிட்டால் சின்ன மாமாவிடம் கைமாற்று வாங்குங்கள். ஆனால் காணி உறுதியை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். வடக்கு வேலியைக் கதிகாலோடு இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார் என்று அண்ணி சொன்னது உண்மையானால், அளவையாளரை அழைத்து அளந்த பிறகே அவரோடு பேசுங்கள். அம்மா முன்னிலையில் பேச வேண்டாம். தங்கச்சிக்கு வந்த சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் தமையனை எனக்கு இங்கே தெரியும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

கழகத்தாருக்குச் சம்மதம் சொன்னதும் பிள்ளைகளின் கால் அளவுகளை ஒரு கடதாசியில் எழுதி அனுப்புங்கள். கிழவர் தன் தேவாலயத்தில் பழைய சப்பாத்துகள் சேர்க்கத் தொடங்கிவிட்டார், அளவு தெரியாமல் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி