திரையில் இரண்டு குண்டுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய விண்வெளி வீடியோ கேம்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் "இடது வலது நகர்த்து, வருவதையெல்லாம் சுடு" என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அதை நம்பி 'கேலகா' விளையாட உட்காருகிறவர் பொத்தானை விடாமல் தட்டுவார். சில நிமிடங்களில் மூன்று விண்கலமும் போய்விடும். இதில் என்ன இருக்கிறது என்று மூடிவைத்துவிடுவார். 1981-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட இந்த அருமையான விளையாட்டுக்கு அது நியாயமில்லை.

விடாமல் தட்டுவதால் பயனில்லை. நம் விண்கலம் சுட்ட குண்டுகள் திரையில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. எதிரிமேல் பட்ட குண்டு உடனே மறைந்து அடுத்த குண்டுக்கு வழிவிடும். தவறிய குண்டோ திரையின் உச்சியைத் தாண்டும்வரை கணக்கில் இருக்கும். இரண்டும் தவறிவிட்டால் அதுவரை நாம் வெறுங்கையோடு நிற்கிறோம். பொத்தான் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் எத்தனை குண்டு சுட்டோம், எத்தனை பட்டது, அது எத்தனை சதவீதம் என்று திரையே காட்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் புள்ளியைவிட அந்தச் சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சாதாரணச் சுற்று ஒன்றில் எதிரிகள் 40: தேனீ 20, வண்ணத்துப்பூச்சி 16, மேல் வரிசையில் 'பாஸ்' என்னும் தலைமை எதிரி 4. எட்டு எட்டாக ஐந்து அணிகளாக வளைந்து வந்து வரிசையில் நிற்கும். முதல் சுற்றில் அவை நுழையும் வழி எப்போதும் ஒன்றே. அதை மனப்பாடம் செய்துகொண்டு, நுழையும்போதே பாதியைக் குறைத்துவிட்டால் மீதி ஆட்டம் இலகுவாகிவிடும்.

பாஸுக்கு இரண்டு அடி வேண்டும். முதல் அடியில் நிறம் மாறும், இரண்டாவதில் சாகும். அது பாதி வழி இறங்கி ஒளிக்கற்றை விரித்து நம் கலத்தைப் பிடித்துக்கொண்டு போகும். அந்தப் பாஸ் கலத்தோடு கீழே பாய்ந்து வரும்போது அதை மட்டும் குறிபார்த்துக் கொன்றால், மீண்ட கலம் நம்மோடு சேர்ந்து இரட்டைக் கலமாகிவிடும். சுடும் பலமும் இரட்டிப்பு. வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொடுத்து பலத்தை வாங்கும் இந்த ஏற்பாடுதான் கேலகாவின் உயிர்நாடி. இதற்கு முன் 1979-இல் வந்த 'கேலக்ஸியன்' விளையாட்டில் இது கிடையாது.

எரிச்சல் கிளம்புவதும் இங்கேதான். பாஸ் வரிசையில் நிற்கும்போதே அதைக் கொன்றுவிட்டால் பிடிபட்ட கலம் நம்மிடம் வராது, நம் மீதே பாயும். அவசரத்தில் குண்டு பிடிபட்ட கலத்தின் மேலேயே பட்டால் அது அழிந்தே போகும். கடைசிக் கலம் பிடிபட்டால் ஆட்டம் அத்துடன் சரி. இவ்வளவையும் தாண்டிக் கிடைத்த இரட்டைக் கலத்தின் அகலமும் இரண்டு மடங்கு என்பதால், ஒற்றைக் கலம் நுழைந்து தப்பும் சந்தில் அது மாட்டிக்கொள்ளும். ஆனாலும் ஒரு பாதி அடிபட்டால் மறுபாதி பிழைக்கும். முதல் சுற்றிலேயே, கையிருப்பில் கலம் இருக்கும்போதே, இரட்டையாக்கிவிடுவது நல்லது. மூன்றாவது சுற்றில், பிறகு 7, 11 என்று வரும் போனஸ் சுற்றில் எதிரிகள் சுடாது. நாற்பதையும் விடாமல் வீழ்த்தினால் 10,000 புள்ளி. ஒற்றைக் கலத்தோடு அது எளிதில் கைகூடாது.

புள்ளி ஆசைக்கும் கணக்கு உண்டு. வரிசையில் நிற்கும் பாஸுக்கு 150 புள்ளிதான். தனியாகப் பாய்ந்து வரும்போது சுட்டால் 400, துணைக்கு ஒருவர் வந்தால் 800, இருவர் வந்தால் 1,600. ஆகவே துணைகளைத் தொடாமல் பாஸை முதலில் வீழ்த்த வேண்டும்.

உண்மையான குறை ஒன்றும் உண்டு. முதல் சுற்றில் இடது ஓரத்துத் தேனீ இரண்டை மட்டும் விட்டுவைத்து, கால்மணி நேரம்போல் சுடாமல் தப்பித்துக்கொண்டே இருந்தால் அவை குண்டு போடுவதை நிறுத்திவிடும். பிறகு அவற்றைக் கொன்றால் அடுத்தடுத்த சுற்றுகளில் எந்த எதிரியும் சுடாது. இது நிரலில் உள்ள பிழை. இப்படி எடுத்த புள்ளியைச் சாதனை என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இன்று கணினியில் விளையாடுகிறவர்களுக்கு ஒன்று. மூல விளையாட்டின் திரை நிமிர்ந்தது: அகலம் 224, உயரம் 288 பிக்சல்கள். அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால் எதிரி பாயும் கோணம் சாய்ந்து தெரியும், குறி தவறும். இருபுறமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். தொடுதிரையில் கட்டைவிரல் கலத்தையே மறைத்துவிடுவதால், இடது வலது விசைகள் உள்ள கீபோர்டோ ஜாய்ஸ்டிக்கோ மேல்.

விளையாட்டுகளை அறிமுகம் செய்யும்போது இத்தகைய விதிகளையும் நாலு வரி சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்கேட் விளையாட்டு ஆர்வலர்,
மதுரை