உறுதிச் சான்றில் பக்கவாட்டு விசைக்கும் இடம் வேண்டும்

பழைய செங்கல் பள்ளிக் கட்டடங்களுக்கு உறுதிச் சான்று எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கட்டடம் தன் எடையையும் பிள்ளைகளின் எடையையும் தாங்குமா என்பதற்குத்தான் இன்றைய சான்று பதில் சொல்கிறது. நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளும். எழுபது ஆண்டு அசையாமல் நின்ற சுண்ணாம்புச் சுவரும் அதில் மூலையில் பிரிந்துவிடலாம். ‘நம்மூருக்கு எங்கே வரப்போகுது?’ என்பார்கள். 1993ல் மகாராஷ்டிரத்தின் கில்லாரி நிலநடுக்கத்தில் சரிந்தபோது அந்த வட்டாரம் மிகக் குறைந்த நிலநடுக்க ஆபத்து மண்டலத்தில்தான் இருந்தது. கோயம்புத்தூர் 1900ல் குலுங்கியது, புதுச்சேரிக் கடற்பகுதி 2001ல். 2002ல் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது.

செங்கல், கல் கட்டடங்களின் நிலநடுக்க மதிப்பீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 13935ல் விரைவுப் பார்வை மதிப்பீட்டுக்குப் படிவமே இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு அரை மணி நேரம், கையில் டேப், டார்ச், ஒரு நீள ஆணி. வாசலில் நின்றபடி நிரப்பினால் மட்டும் பயனில்லை.

மொட்டை மாடியில் தொடங்குங்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரையான மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகள் சுவரில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். அவை ஒரே திசையில் ஓடுவதால், கட்டை ஏறாத இரண்டு சுவர்களின் தலையை எதுவும் பிடித்திருக்காது. வெளிப்பக்கமாகச் சாயும் வாய்ப்பு அவற்றுக்கே அதிகம். ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தை எடுக்காமல் மேலேயே ஜல்லியும் தட்டோடும் போடுவார்கள். கூரையின் எடை கூடக் கூடத் தள்ளும் விசையும் கூடும். கீழே வந்து, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆணியால் குத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் முனை மக்கிவிட்டது. மேலே அரைக்கல் கைப்பிடிச் சுவர் பிடிமானமின்றி நின்றால் அதைத் தனியாகக் குறியுங்கள். பிள்ளைகள் ஓடிவருவது அதன் அடியில்தான்.

சுவருக்கு டேப் வேண்டும். மூன்றாம் மண்டலப் பள்ளியில் கதவு, சன்னல்களின் மொத்த அகலம், ஒரே தளமானால் சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இரண்டு தளமானால் 42 சதவீதம், மூன்றானால் 33. மூலைக்கும் முதல் சன்னலுக்கும் இடையே 450 மிமீ, இரு திறப்புகளுக்கு இடையே 560 மிமீயாவது சுவர் வேண்டும். லிண்டல் ஒவ்வொரு சன்னலோடும் நின்றுவிடுகிறதா, கட்டடத்தைச் சுற்றிப் பட்டையாக ஓடுகிறதா என்பதையும் கேட்டெழுதுங்கள். இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்து ஹாலாக்கக் குறுக்குச் சுவரை இடித்திருந்தால், கட்டடத்தில் விரிசலே இல்லாவிட்டாலும் அது விரிவான ஆய்வுக்குப் போக வேண்டியது.

விரிசலைத் தேடுவதில் ஒரு சங்கடம்: நீங்கள் வருவதற்கு முந்தின வாரம்தான் பள்ளிக்கு வெள்ளையடித்திருப்பார்கள்! கழிவறைப் பக்கம், பழைய பெஞ்சு போடும் அறை, படிக்கட்டின் அடி ஆகிய இடங்களுக்குத் தூரிகை போயிருக்காது. மூலையில் மேலே அகன்று கீழே குறுகும் செங்குத்து விரிசல் இருந்தால் இரண்டு சுவர்கள் ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிட்டன. காரையை ஆணியால் கீறிப் பாருங்கள். மணலாக உதிர்ந்தால் அந்தச் சுவரைப் பலவீன வகையில் எழுதுங்கள்.

கருங்கல் சுவரானால் இருபுறத்தையும் இணைக்கும் ஊடுகல் உண்டா என்பதே முதல் கேள்வி. கில்லாரியில் பல வீடுகளின் தடித்த சுவர்கள் இரண்டாகப் பிளந்தது அது இல்லாததால்தான்.

பார்க்க முடியாத இடத்துக்கு உரிய கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வெற்றாக விட்டால், படிப்பவர் அதைக் ‘குறையில்லை’ என்றே எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர்கள் சிலர்