மீட்டரைக் கையோடு கொண்டு வாருங்கள்

செல்போன் டவர் அலையால் ஆபத்தில்லை என்று விளக்கம் சொல்ல ஊர் ஊராக வரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் போன மாதம் எங்கள் தெருவுக்கு வந்து, புரொஜெக்டர் வைத்து நாற்பது நிமிடம் பேசினார். சொன்னதில் தப்பில்லை. எக்ஸ்ரேக்கு இருப்பதுபோல, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி டவர் அலைக்குக் கிடையாது. 2012 செப்டம்பரில் இந்தியா டவர் அலைக்கான தன் உச்சவரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். சிக்னல் மோசமானால் காதோரம் இருக்கும் போன்தான் கூடுதல் சக்தியில் வேலை செய்யும். எல்லாம் சரி.

ஆனால் எதிர்வீட்டு அக்கா எழுந்து, "டவர் வந்ததுலேர்ந்து எங்க தென்னையில குரும்பை கொட்டுதே, சார்?" என்றதும் அவர் சிரித்துவிட்டார். கூட்டம் அங்கேயே முடிந்துபோனது. மேஜையில் வைத்த டீயைக்கூட யாரும் தொடவில்லை.

அந்த மரத்தடியில் மறுநாள் நான் நின்று பார்த்தேன். முற்றம் முழுக்க சிமென்ட். வேருக்குத் தண்ணீர் இறங்க ஒரு சாண் மண்தான் மிச்சம். குரும்பை கொட்ட அது போதுமே என்றேன். "அப்பிடியா தம்பி" என்று கேட்டுக்கொண்டவர், கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ராத்திரியோட ராத்திரியா டவரை ஏன் நட்டாங்க?" என்றார். இதற்கு உங்கள் ஸ்லைடில் பதில் இல்லை.

இன்னொன்று. கூட்டத்தில் ஒரு பையன் '2பி' என்ற புற்றுநோய்ச் சந்தேகப் பிரிவு பற்றிக் கேட்டான், உங்கள் அதிகாரி பேச்சை மாற்றிவிட்டார். மறைத்தால் பயம் கூடத்தானே செய்யும்? 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை ரேடியோ அலைகளை அந்தப் பிரிவில் வைத்தது உண்மை. சந்தேகம் உண்டு, ஆதாரம் போதாது என்பதே அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

யார் வேண்டுமானாலும் பணம் கட்டி அலையை அளக்கச் சொல்லலாம் என்று 2017இல் மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' இணையதளம் வந்தது. கட்டணம் 4,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர் அதைக் கட்டுவாரா? புது டவருக்கு ஒரு தடவையாவது இலவசமாக அளந்து காட்டுங்கள். மண்டபத்தில் வேண்டாம், அக்கா துணி காயப்போடும் மொட்டை மாடியில், மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

வரும்போது டவரின் டீசல் ஜெனரேட்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள். அதன் புகைக்குழாய் அவர் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருக்கிறது.

இப்படிக்கு,
அதே தெருக்காரன்