மாசிக் கருவாடு ஒன்றுதான், தீவுகள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் இணைப்பில் லட்சத்தீவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. மாலத்தீவுக்குக் கொட்டிக் கொடுக்கிற பணத்தை நம் தீவிலேயே செலவழிக்கலாம், லட்சத்தீவுக்குள் நுழைய வாங்கவேண்டிய அனுமதிச்சீட்டுத் தொல்லையை எடுத்துவிட்டுத் தீவுக்கு ஒரு ரிசார்ட் கட்டினால் அடுத்த மாலத்தீவு தயார் என்பது அதன் சாரம். படங்கள் அழகாக இருந்தன. எழுதியவர் இரண்டு இடத்துக்கும் கடல்வழியாகப் போனவராகத் தெரியவில்லை.

நான் போயிருக்கிறேன். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணி ஓட்டிய தண்டல் நான். வயது எழுபத்திரண்டு. முப்பத்தோரு வருஷம் வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், சிமெண்ட், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவின் தலைநகர் மாலேக்கும் லட்சத்தீவின் மினிக்காய், கவரத்திக்கும் மாறி மாறி ஓடியவன். ரிசார்ட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த ஊர்களின் வயிறு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டதைக் கொண்டுபோய் இறக்கியவன் நான்தானே.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் முகமூடி போட்டு நீந்திய படம் வந்ததும், மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் அவரைப் பழித்து வாய்விட்டு மாட்டிப் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரம் என் பேரன் கேட்டான்: "தாத்தா, ரெண்டும் ஒரே மாதிரிதானே? அப்புறம் ஏன் சண்டை?" படத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான். தென்னை, வெள்ளை மணல், ஆழமில்லாத பச்சைக் கடல்நீர்க் களப்பு, அதற்கப்பால் அலை உடைகிற பவளப் பார். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் எனக்கே சில நேரம் அடையாளம் தெரியாது.

அளவைச் சொன்னால்தான் வித்தியாசம் பிடிபடும். லட்சத்தீவில் 36 தீவுகள் என்பது புத்தகக் கணக்கு. ஆள் குடியிருப்பது பத்தில். எல்லாத் தீவின் நிலத்தையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர். எங்கள் தூத்துக்குடி மாநகராட்சியில் பாதிகூட வராது. 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். மாலத்தீவோ சுமார் 1,190 தீவுகள். ஆள் இருப்பது இருநூறுக்குச் சற்றுக் குறைவானவற்றில். நிலம் ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பில் 5,15,132 பேர், அதில் நாலில் ஒருவர் பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். மாலத்தீவுக்காரன் 1972-இல் முதல் ரிசார்ட்டைத் திறந்தபோது அதை ஆள் இல்லாத தீவில் திறந்தான். அதன் பெயர் குரும்பா. அவர்கள் பாஷையில் இளநீர்க்காய். நம் குரும்பையைக் கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? அன்றிலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் கணக்கு. சுற்றுலாக்காரன் அவன் தீவில், ஊர்க்காரன் தன் தீவில். சாராயம் அங்கே உண்டு, இங்கே கிடையாது. ஊருக்குள் விருந்தினர் விடுதி நடத்த 2009-இல்தான் விட்டார்கள். இன்றைக்கு ரிசார்ட்டுகள் 170-க்கு மேல். அதற்குப் பிறகும் ஆள் இல்லாத தீவு நூற்றுக்கணக்கில் மிச்சம் கிடக்கிறது. ஒதுக்கி வைக்க இடம் இருந்ததால் ஒதுக்கினான்.

லட்சத்தீவில் எதை ஒதுக்குவது? மிச்சமிருக்கிற 26-இல் பல வெறும் மணல்திட்டு. பித்தி என்ற தீவில் கடற்பறவைகள்தான் குடித்தனம். பங்காரம் பக்கத்துப் பரளித் தீவுகளில் ஒன்றைக் கடலே தின்றுவிட்டது. பங்காரத்தில் ரிசார்ட் ஏற்கெனவே இருக்கிறது. மதுவுக்கு அனுமதி உள்ளதும் அங்கேதான். அதாவது மாலத்தீவுச் சூத்திரத்தை லட்சத்தீவு ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று. அந்தச் சூத்திரத்துக்கு அங்கே இருக்கிற இடம் அவ்வளவுதான். இனி "தீவுக்கு ஒரு ரிசார்ட்" என்றால் அது பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில்தான் வரும்.

தண்ணீரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. நீச்சல்குளம் பற்றி இருந்தது.

மினிக்காய்க்கு முதல்முறை போன வருஷம். சரக்கு இறக்கிவிட்டுக் குளிக்கலாம் என்று ஒரு கிணற்றடிக்குப் போனேன். நம்மூர்க் கிணறு மாதிரி எட்டிப் பார்த்தால் தலை சுற்றாது; ஆள் உயரம்கூட ஆழமில்லை. கயிறும் வாளியும் கிடையாது. நீளக் கம்பின் நுனியில் ஒரு தகரக் குவளை கட்டியிருந்தது. கடலில் மூன்று நாள் உப்பில் ஊறிய உடம்பு. நான் அவசரம் அவசரமாக மொண்டு மொண்டு தலையில் ஊற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து கம்பைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. இரண்டு குவளை மொண்டு ஊற்றினார், நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. அவர் கப்பல் வேலைக்குப் போய் வந்தவர், தமிழ் அரைகுறையாக வரும். "கீழே உப்பு இருக்கு, எழுப்பாதே" என்றார்.

மண்ணுக்கடியில் கடல்நீரின்மேல் மழைநீர் மெல்லிசாக மிதக்கிறது. அதுதான் தீவின் நல்ல தண்ணீர். வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். ஏறினால் இறங்க மழைக்காலங்கள் பல ஆகும். அறைக்கு ஒரு குளியல்தொட்டி வைத்து நூறு அறை கட்டப்போகிறவர்கள் முதலில் அந்தப் பெரியவர் மாதிரி ஒருவரிடம் கம்பைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மாலேயில் அந்த நிலத்தடித் தண்ணீர் எப்போதோ கெட்டுப்போயிற்று. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை நம்பித்தான் ஊர். 2014 டிசம்பர் 4-ஆம் தேதி அந்த நிலையத்தில் தீப்பிடித்தபோது லட்சத்துக்கு மேற்பட்ட சனம் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. நம் விமானமும் கப்பலும் தண்ணீர் கொண்டுபோயின. கையில் காசுள்ள தனி நாட்டுக்கே அந்த நிலை.

இதில் லட்சத்தீவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2005-இல் கவரத்தியில் ஒரு நிலையம் கட்டினார்கள். மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, முந்நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிற குளிர்ந்த நீரைக் குழாயில் ஏற்றி அந்த ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்குகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011-இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது. பெரிய நாட்டோடு சேர்ந்திருப்பதில் லாபம் இல்லை என்று யார் சொன்னது? உடம்புக்கு முடியாதவரை ஹெலிகாப்டரில் கொச்சிக்குத் தூக்கிப்போவதும் அந்த வகைதான். ஆனால் அந்த ஒரு லட்சம் லிட்டர் ஊர்ச்சனம் குடிக்கக் கணக்குப் போட்டது.

குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலேக்கு மேற்கே திலாபுஷி என்று ஒரு இடம். களப்பாக இருந்ததை 1992 முதல் குப்பை கொட்டி நிரப்பித் தீவாக்கினார்கள். என் கடைசி வருஷங்களில் அந்தப் புகை தூரத்தில் தெரிந்துவிட்டால் எங்கள் தோணிச் சமையல்காரப் பண்டாரி "காம்பஸை மூடு தண்டலே, ஊர் வந்தாச்சு" என்பான். அந்த ஊரை உயர்த்தியதில் எனக்கும் பங்கு உண்டு. நான் முதலில் பார்த்த மாலேயில் தெருவெல்லாம் வெள்ளைப் பவள மணல், பவளக்கல் மதில், குனிந்து நுழைகிற வீடுகள். பிறகு மாடி மேல் மாடி. அதற்கு இங்கிருந்து மணல் போயிற்று. என் தோணியிலும் போயிற்று. ஆற்றைச் சுரண்டிக் கடலில் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோனோமே என்று இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது. அப்போது வாடகை எவ்வளவு என்று மட்டும்தான் தோன்றியது.

இனி அனுமதிச்சீட்டு. தூத்துக்குடிக்காரன் பாஸ்போர்ட்டோடு மாலேயில் இறங்கினால் இறங்கிய இடத்திலேயே விசா. சொந்த நாட்டுக் கவரத்திக்குப் போக முன்கூட்டியே அனுமதி, இது என்ன அநியாயம் என்று கட்டுரையாளர் கேட்கிறார். 1967-இல் வந்த விதி அது. லட்சத்தீவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பழங்குடியினர், அவர்களைக் காக்கத்தான் அது. மாலத்தீவுக்குக் கொடி இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது, பிடிக்காத அதிபரை ஓட்டுப் போட்டு இறக்குகிறார்கள். 1965 ஜூலை 26-இல் வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை வாங்கிய நாடு. எந்தத் தீவை விடுவது, எதை விடாதது என்று சரியோ தப்போ தானே முடிவெடுத்தது.

லட்சத்தீவு 1956 நவம்பர் 1 வரை நம் சென்னை மாகாணத்தில் இருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அன்று முதல் மத்திய ஆட்சிப் பகுதி. சட்டமன்றம் கிடையாது. மக்களவைக்கு ஒரே ஒரு உறுப்பினர். மற்றதெல்லாம் டெல்லி அனுப்புகிற நிர்வாகி. 2021-இல் நில மேம்பாட்டுக்கென்று ஒரு வரைவுச் சட்டம் வந்தபோது தீவே வீட்டுக்குள் உண்ணாவிரதம் இருந்து காட்டியது. அவர்கள் கையில் இருக்கிற கதவு அந்த அனுமதிச்சீட்டு ஒன்றுதான். அதையும் கழற்றிவிடு என்பது வெளியில் நிற்கிறவன் பேச்சு.

2025 ஜூலையில் நடந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாலத்தீவின் அறுபதாம் விடுதலை நாள் விழாவுக்குப் பிரதமர் விருந்தினராகப் போனார். 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவித்தார். கொஞ்ச நாள் முன்பு வரை இந்தியாவே வெளியே போ என்று கோஷம் கேட்ட ஊர் அது. அதே மாதம், லட்சத்தீவில் ஆள் குடியிருக்கிற தீவுகளிலேயே மிகச் சிறிய பித்ராவுக்கு, தீவு நிலம் முழுவதையும் பாதுகாப்புத் தேவைக்கு எடுப்பதற்கான ஆய்வு அறிவிப்பு வந்தது. பித்ராவில் 2011 கணக்குப்படி 271 பேர். நாட்டின் காவலுக்குத் தேவையென்றால் இருக்கட்டும், அதை எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஆனால் பெரிய தீவுநாட்டோடு பேசும்போது விருந்து, சின்னத் தீவோடு பேசும்போது அறிவிப்பு என்ற வித்தியாசம் படிக்காதவனுக்கும் கண்ணில் படும்.

ஒப்பிடவே கூடாதா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். மினிக்காய்க்காரர் பேசுவது மஹல். மாலத்தீவின் திவேஹி மொழியின் கிளை. கவரத்தியைவிட மாலத்தீவின் வடமுனைத் தீவுதான் அவர்களுக்குக் கிட்டம், நடுவில் எட்டு டிகிரிக் கால்வாய். சூரை மீன் பிடிப்பதும் ஒரே முறை. உயிருள்ள சின்ன மீனை இரையாக வீசி, தண்ணீரை மழை மாதிரி தெளித்து மீனை மேலே வரவழைத்துவிட்டு மூங்கில் கழியால் தூக்குவார்கள். தூண்டில் முள்ளில் மீனைக் கவ்விப் பிடிக்கிற எதிர்ப்பல் இருக்காது. மீன் தலைக்குமேல் பறந்து வந்து படகுக்குள் விழும்போதே தானாகக் கழன்றுவிடும். ஒரு கழிக்காரர் மறுபடி மறுபடி வீசுவதைப் பார்த்தால் நெல் அடிக்கிற தாளம் இருக்கும். வலை போட்டு வாரிக்கொண்டு போகாமல் இரண்டு பக்கமும் இன்னும் இப்படியே பிடிக்கிறார்கள். அந்தச் சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தால் நாம் சம்பலுக்கு இடிக்கிற மாசி. இந்த மீனுக்கு நல்ல விலை கிடைக்க என்ன வழி என்று மாலத்தீவிடம் கற்றுக்கொள்ளலாம். அதை எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் நிருபர் ஒருவரை மினிக்காய்க்கு அனுப்புங்கள். படம் எடுக்க வசதியான தை, மாசியில் வேண்டாம். கச்சான் என்கிற தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் அனுப்புங்கள். நாங்கள் தோணியைக் கட்டிப் போட்டிருக்கும் காலம் அது. கடையில் காய்கறி தீர்ந்திருக்கும், கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு ஏணியில் இறங்கவேண்டி வரும். கப்பல் கொச்சியிலிருந்து. அனுமதிச்சீட்டுக்கு இப்போதே எழுதிப்போடச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் நாலைந்து பையில் இருக்கட்டும், குமட்டும்போது மோந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோணித் தண்டல்,
தூத்துக்குடி.