தோழியிடம் காதலைச் சொல்லும்போது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல ஆண்டுத் தோழியிடம் காதலைச் சொல்லத் துணிபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது சொல்லும் விதத்தில்தான். பிறந்தநாள் கேக் வெட்டும்போது, சுற்றி நிற்பவர்கள் செல்போனில் படம்பிடிக்க, முழங்காலிட்டுக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் யாரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்? சிரித்து மழுப்புவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது. பைக்கின் பின்சீட்டில் அவர் இருக்கும்போதும் கேட்கக் கூடாது. இறங்கிப் போக வழியில்லை. நள்ளிரவு வாட்ஸ்அப்பும் சரிப்படாது. நீல டிக் விழுந்த நொடியிலிருந்து பதிலுக்கு நச்சரிக்கத் தோன்றும்.

பகல் நேரம், டீக்கடையோ பூங்காவோ, இருவர் மட்டும். இரண்டே வாக்கியம் போதும்: "எனக்கு உன்மேல காதல் இருக்கு. உனக்கு அப்படி இல்லேன்னா தயங்காம சொல்லு." 'இத்தனை வருஷம் உனக்காக என்னவெல்லாம் செஞ்சேன்' என்ற கணக்கு வேண்டவே வேண்டாம், பழைய நட்பையே கடன்பாக்கியாக மாற்றிவிடும் பேச்சு அது. பொது நண்பர்களைத் தூது விடுவதும் அப்படியே. "யோசிக்கணும்" என்றால் அவராகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும். மறுத்துவிட்டால் சில வாரம் தனிப்பேச்சைக் குறைப்பது இருவருக்கும் நல்லது. ஆனால் முறைத்துக்கொண்டு நண்பர்கள் குழுவைவிட்டு வெளியேறினால் பழி மறுத்தவர்மேல்தான் விழும். தெளிவாக மறுத்த பெண்ணை விடாமல் தொடர்புகொள்வது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவின்படி குற்றம். இது பல இளைஞர்களுக்குத் தெரிவதில்லை.

– கல்லூரி மனநல ஆலோசகர், திருச்சி